எது நல்ல போர்டு

கோதண்டத்துக்கு வயது அறுபத்திரண்டு. பர்வீனுக்கு முப்பத்தாறு. குரு பர்வீன்தான்.

மவுண்ட் ரோட்டை ஒட்டிய எலக்ட்ரானிக்ஸ் சந்து. பழைய கட்டடம். முதல் மாடியில் படிக்குப் பக்கத்தில் பர்வீன் கடை. மூன்று பேர் நிற்கலாம். நாலாவது ஆள் வந்தால் முதல் ஆள் இறங்க வேண்டும். சுவர் முழுக்கச் சின்ன டப்பாக்கள். நடுவே ஒரு மேஜை. மேஜையில் எந்நேரமும் சூடாக, ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற ஒரு சால்டரிங் அயர்ன். தன் கையால் எதையாவது செய்து பார்க்க நினைக்கிறவர்கள் அங்கே வருவார்கள். வருகிற எல்லோருக்கும் பர்வீன் அக்கா.

கோதண்டமும் அப்படித்தான் கூப்பிட்டார்.

“அக்கா, ஒரு போர்டு வேணும்.”

பக்கத்துக் கடை கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். ஒயர் விற்கிறவர். வாய் சும்மா இருக்காது.

“அண்ணே, அவங்களுக்கு உங்க பொண்ணு வயசு இருக்கும். அக்காங்கறீங்க.”

“எல்லாரும் கூப்பிடறாங்களேப்பா.”

“கூப்பிடட்டும்” என்றார் பர்வீன். “என்ன போர்டு?”

“சர்க்யூட் பண்றதுக்கு. எது நல்ல போர்டு?”

“என்ன பண்ணப் போறீங்க?”

கோதண்டம் சொன்னார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகள், தமயந்தி. அவளுக்குக் காது கேட்காது. மருமகன் ஜெயசீலனுக்கும் கேட்காது. இப்போது தமயந்திக்கு ஏழு மாதம். குழந்தை பிறந்து அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, அது அழுதால் இரண்டு பேருக்கும் தெரியாது. அழுதால் லைட் பளிச் பளிச்சென்று எரிய வேண்டும். தூங்கினால் தலையணைக்கடியில் ஒரு மோட்டார் அதிர வேண்டும்.

“அது கடையிலயே விக்குதே.”

“விக்குது. நான் செஞ்சு குடுக்கணும்.”

“எலக்ட்ரானிக்ஸ் தெரியுமா?”

“முப்பத்தோரு வருசம் பஸ் ஓட்டினேன்.”

“அதைக் கேக்கல.”

“தெரியாது.”

பர்வீன் ஒரு டப்பாவைத் திறந்தார். வெள்ளையாக, நீளமாக, உடம்பு முழுக்க ஓட்டையாக ஒன்றை எடுத்து வைத்தார். பிரெட்போர்டு. சூடு வைக்க வேண்டாம். ஓட்டையில் ஒயரைக் குத்தினால் போதும். பிடிக்கவில்லையென்றால் பிடுங்கிக்கொள்ளலாம்.

“இது நல்ல போர்டா?”

“இது கழலும்.”

“கழண்டா எப்படிங்க?”

“கழலணும். மொதல்ல நீங்க செய்யறது பூரா தப்பாத்தான் வரும்.”

“நான் கேட்டது எது நல்ல போர்டுன்னு.”

“கேட்டீங்க. மறந்துடாதீங்க.”

*

தினமும் பதினோரு மணிக்குக் கோதண்டம் வந்துவிடுவார். ஸ்டூலில் உட்காருவார். இன்னொரு ஆள் வந்தால் எழுந்து படியில் நிற்பார். மைக் எது, சிப் எது, எந்தக் கால் எங்கே போகும் என்று நோட்டில் எழுதுவார். எழுதியதை வீட்டில் செய்து பார்ப்பார். கை சுட்டது. இரண்டு சிப் போனது. பர்வீன் வேறு சிப் எடுத்துக் கொடுத்தார்.

ஒருநாள் கோபமாக வந்தார்.

“அக்கா, இந்த போர்டு டூப்ளிகேட்.”

“ஏன்?”

“பாதி வேலை செய்யுது. பாதி செத்துக் கெடக்குது. இந்தப் பக்கம் மைக்குக்கு கரண்ட் வருது. அந்தப் பக்கம் லைட்டுக்கு வரல. மூணு நாளா மண்டை காயுது.”

பர்வீன் மீட்டரை எடுத்து நீட்டினார்.

“பஸ்ஸு நின்னுபோனா என்ன பண்ணுவீங்க?”

“இறங்கிப் பார்ப்பேன்.”

“இறங்கிப் பாருங்க.”

கோதண்டம் மீட்டரின் ஒரு முள்ளைப் போர்டின் இந்த ஓரத்தில் வைத்தார். இன்னொரு முள்ளை ஒவ்வொரு ஓட்டையாக நகர்த்தினார். தொடர்பு இருக்கிற வரை கீ, கீ, கீ என்றது. நடுவில் வந்ததும் நின்றது. மறுபடி செய்தார். அதே இடத்தில் நின்றது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

போர்டின் ஓரத்தில், கரண்ட் ஓடுகிற வரிசைக்குப் பக்கத்தில், நீளமாக ஒரு சிவப்புக் கோடு. நடுவில் அது ஒரு விரல்கடை விட்டுப்போயிருந்தது. விட்டு, மறுபடி தொடங்கியது.

“கோடு எங்க நிக்குதோ அங்க உள்ள தகடும் நிக்குது” என்றார் மெதுவாக.

“ஆமா.”

“டூப்ளிகேட் இல்ல.”

“பெரிய போர்டு பாதி அப்படித்தான் வரும். ரெண்டையும் சேர்த்து ஒரு ஒயர் குத்தணும்.”

“மொதல் நாளே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா கோட்டைப் பார்த்திருக்க மாட்டீங்க. என்னைப் பார்த்திருப்பீங்க.”

கோதண்டம் ஒரு ஒயரை வெட்டிக் குத்தினார். லைட் எரிந்தது.

*

தமயந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று ஆஸ்பத்திரியிலேயே பார்த்துச் சொன்னார்கள். கோதண்டம் சந்து முழுக்க லட்டு கொடுத்தார்.

இருபதாம் நாள் பிரெட்போர்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டு வந்தார்.

“முடிஞ்சிதுக்கா. பக்கத்து ரூம்ல வெச்சுப் பார்த்தேன். குழந்தை அழுதா லைட் எரியுது. மோட்டார் ஆடுது. நாம பேசினா எரியல. மிக்ஸி ஓடினாலும் எரியல. அழுதா மட்டும்தான்.”

“பரவாயில்லையே.”

“இன்னொண்ணு. கரண்ட் போனா பேட்டரியில ஓடும். பேட்டரி தீரப்போவுதுன்னா இது கத்தும்.” கறுப்பாக, பட்டன் போலிருந்த ஒரு பஸ்ஸரைத் தொட்டுக் காட்டினார். “யாரும் சொல்லித் தரல. நானே யோசிச்சது.”

பர்வீன் பஸ்ஸரைப் பார்த்தார். கோதண்டத்தைப் பார்த்தார்.

“பொண்ணு பார்த்தாங்களா?”

“பூராவும் முடியட்டும், அப்புறம் காட்டலாம்னு.”

“காட்டுங்க.”

“காட்டறேன். ஆனா இது கழலுங்களே. தொட்டில் பக்கத்துல வைக்கிறது. கை பட்டா போச்சு. நல்ல போர்டுல மாத்தணும். எதுல மாத்தறது?”

“உங்களுக்கு எது தோணுது?”

கோதண்டம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த விளம்பரம். நீல நிறத்தில் பளபளவென்று அச்சிட்ட போர்டு. வெளிநாட்டிலிருந்து வரும். நாம் படம் அனுப்பினால் அவர்கள் செய்து அனுப்புவார்கள். குறைந்தது ஐந்து எடுக்க வேண்டும்.

“ஒயரே கெடையாது பாருங்க. எல்லாம் உள்ளேயே ஓடுது. கம்பெனி மாதிரி இருக்கும்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“மூணு வாரம்ங்கறான்.”

“பொண்ணு எப்ப போறாங்க?”

“மூணாம் மாசம். மாப்ளை வந்து கூட்டிட்டுப் போறதாப் பேச்சு.”

“இந்தாங்க, இந்த டாட் போர்டுல இன்னைக்கே மாத்திடலாம்.” பர்வீன் கையளவு ஒரு அட்டையை எடுத்தார். வரிசை வரிசையாக ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒரு செம்பு வளையம். “ஒயரை நீங்களே இழுத்து சால்டர் பண்ணணும். அவ்வளவுதான்.”

கோதண்டம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“பார்க்க நல்லால்லீங்க.”

பர்வீன் அதைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

*

கோடு போட்ட தாளில் கோதண்டம் படம் வரைந்தார். பத்து நாள் வரைந்தார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர ஓர் ஆளைப் பிடித்தார். மூலையில் வெள்ளை எழுத்தில் தன் பெயரைப் போடச் சொன்னார்.

மூன்று வாரம் ஐந்து வாரம் ஆனது. போர்டு வந்தது. நீலமாக, பளபளப்பாக, ஐந்து.

மறுநாள் படியேறி வந்தவர் ஸ்டூலில் உட்காரவில்லை.

“மூணு மைக் செத்துப்போச்சுக்கா. வைக்கிறேன், சூடாவுது, செத்துடுது.”

பர்வீன் போர்டை வாங்கினார். மைக் உட்காருகிற இடத்தில் மூன்று ஓட்டை. கையிலிருந்த ஒரு மைக்கை எடுத்து மேலே வைத்துப் பார்த்தார். கழுத்தைச் சாய்த்தார்.

“மைக்கை எந்தப் பக்கம் பார்த்து வரைஞ்சீங்க?”

“காலு எங்க இருக்குதோ அங்க பார்த்து. கவுத்து வெச்சு.”

“போர்டுல எப்படி உட்காருது?”

கோதண்டம் மைக்கை வாங்கிக் கவிழ்த்தார், நிமிர்த்தினார். கவிழ்த்துப் பார்த்தால் இடதில் இருந்த கால், நிமிர்த்தினால் வலதுக்குப் போனது. கரண்ட் வர வேண்டிய காலுக்குக் கரண்ட் வரவில்லை. வரக் கூடாத காலுக்கு வந்திருந்தது.

“கண்ணாடியில பார்த்த மாதிரி வந்துடுச்சு” என்றார்.

கன்னியப்பன் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். “அஞ்சுமேவா அண்ணே?”

“அஞ்சும்தாம்பா.”

“ஒண்ணாவது சரியா வந்திருக்கக் கூடாதா.”

பர்வீன் மூலையிலிருந்த எழுத்தைப் படித்தார்.

“பேரு மட்டும் நேராத்தான் வந்திருக்கு.”

கன்னியப்பன் சிரித்தார். கோதண்டம் சிரிக்கவில்லை. ஐந்தையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார்.

“பொண்ணு பார்த்தாங்களா?” என்றார் பர்வீன்.

“இதையா காட்டச் சொல்றீங்க?”

அந்த வாரமே ஜெயசீலன் ஆட்டோவில் வந்தான். பெரம்பூரில் ஒற்றை அறையும் சமையற்கட்டுமாக அவர்கள் வீடு. அச்சகத்தில் வேலை. அறையின் நடுவில் தொட்டில் கட்டக் கொக்கி அடித்து, புதுச் சேலையும் கட்டிவிட்டு, அதைப் போனில் படம் எடுத்து வந்திருந்தான். தமயந்தி பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

கோதண்டத்தின் மனைவி சகுந்தலா வாசற்படியில் குறுக்கே நின்றாள். “காது கேக்காத வீட்ல பச்சைப் புள்ளைய விட்டுட்டு எனக்குச் சோறு எறங்குமா? மிசினு வரட்டும், போகட்டும்.”

ஜெயசீலன் மாமனாரைப் பார்த்தான். கோதண்டம் கையால் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரம் சொன்னார்.

ஜெயசீலன் போனைச் சட்டைப் பையில் வைத்தான். ஆட்டோ வெறுமையாகத் திரும்பியது. நாலாம் மாதம் பிள்ளையை அனுப்பும் வழக்கமில்லை. இனி ஐந்தாம் மாதம்தான்.

தமயந்தி பையை அவிழ்த்து அடுக்கினாள்.

*

அதற்கப்புறம் கோதண்டம் சந்து முழுக்க அலைந்தார். போர்டு விற்கிற எல்லாக் கடையிலும் ஏறி இறங்கினார். பிளாட்பாரத்திலும் உட்கார்ந்து பொறுக்கினார். ஒரு மாதம் கழித்து மஞ்சள் பையோடு பர்வீன் கடைக்கு வந்தார்.

“இதுல எது நல்லதுன்னு சொல்லுங்க.”

பர்வீன் பையை மேஜையில் கவிழ்த்தார். பழுப்பு, பச்சை, நீலம், வெள்ளை. ஒரு பக்கம் செம்பு, இரண்டு பக்கமும் செம்பு. புள்ளி போட்டது, பட்டை போட்டது. கனமானது, வளைகிறது.

“பஸ்ஸு ஓட்டினீங்களா, பஸ்ஸு வாங்கினீங்களா?”

“அக்கா, விளையாடாதீங்க. இது குழந்தை விஷயம். போர்டு கைவிட்டுச்சுன்னா?”

பர்வீன் பழுப்பு ஒன்றும் பச்சை ஒன்றும் தனியே எடுத்தார். பழுப்பைத் தட்டினார். டப் என்றது. பச்சையைத் தட்டினார். டிக் என்றது. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினார். பச்சைக்குள் துணி நெய்தது போல மெல்லிய கட்டம் தெரிந்தது.

“பழுப்பு காகிதம். பசை ஊத்தி அழுத்தினது. பச்சை கண்ணாடி நூல்.”

அயர்னை எடுத்தார். பழுப்பில் ஒரு வளையத்தில் ஈயம் வைத்தார், உருக்கி எடுத்தார். மறுபடி வைத்தார், எடுத்தார். மூன்றாம் தடவை செம்பு வளையம் சிறு செதிலாக உரிந்து அயர்னோடு வந்துவிட்டது.

பச்சையில் அதையே செய்தார். ஆறு தடவை செய்தார். வளையம் அசையவில்லை.

“அப்ப பச்சைதான் நல்லது” என்றார் கோதண்டம்.

“எத்தனை தடவை கழட்டி மாட்டப் போறீங்க?”

“இனிமே எதுக்குக் கழட்றது? எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஒரே தடவை.”

“அப்ப பழுப்பே போதும்.”

கோதண்டம் யோசித்தார்.

“இல்ல. தப்பு பண்ணுவேன்.”

“அப்ப பச்சை.”

பர்வீன் பச்சையைக் கொடுத்தார். மற்றதையெல்லாம் பையில் அள்ளிப் போட்டார்.

கோதண்டம் ஒரு வாரம் உட்கார்ந்து அதில் எல்லாவற்றையும் மாற்றினார். பிரெட்போர்டில் இருந்தது இருந்தபடி. மைக், சிப், லைட், மோட்டார், பஸ்ஸர். ஒவ்வொரு ஈயப் பொட்டும் கடுகு போல. ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி உள்ளே திருகினார்.

கொண்டுவந்து காட்டினார்.

“கை நல்லா வந்துடுச்சே உங்களுக்கு” என்றார் பர்வீன்.

“நம்பலாமாக்கா?”

“பொண்ணு பார்த்தாங்களா?”

கோதண்டம் பெட்டியை மூடினார். “இன்னும் பத்து நாள் ஓட விட்டுப் பார்க்கறேனே.”

பத்து நாள் ஆனது. இன்னொரு பத்து நாள் ஆனது. ஒரு லைட் மங்கலாக இருக்கிறது என்று மாற்றினார். பெட்டி சரியில்லை என்று மாற்றினார். இரண்டு பக்கமும் செம்பு வைத்த போர்டில் போட்டால் இன்னும் கெட்டியாக இருக்குமா என்று கேட்டார்.

பர்வீன் படியில் நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

*

ஐந்தாம் மாதம், ஒரு புதன்கிழமை. கோதண்டம் பெட்டியோடு படியேறி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தையோடு வந்தாள். மூன்று பேர் நிற்கிற கடை நிறைந்துவிட்டது.

“பொண்ணு” என்றார் கோதண்டம். “நாளைக்கு மாப்ளை வரார். நானும் கடைக்கு வருவேன்னு நின்னா.”

தமயந்தி பர்வீனை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல பார்வை இல்லை. குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு போனை எடுத்துத் தட்டினாள். தட்டியதைப் பர்வீன் முன்னால் நீட்டினாள்.

பர்வீன் படித்தார். கோதண்டத்திடம் திருப்பிக் காட்டினார்.

‘மிஷின் சரியில்லை, அனுப்பாதீங்கன்னு நீங்கதான் ஒவ்வொரு தடவையும் சொல்றீங்களாமே. அதில் என்ன குறை? எனக்குச் சொல்லுங்க.’

கோதண்டம் டப்பாக்களைப் பார்த்தார். ரெசிஸ்டர் டப்பாக்கள். அவற்றில் எழுதியிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறவர் போல நின்றார்.

“நான் எப்ப சார் சொன்னேன்?”

“அவங்க அம்மா வேற பயப்படறா...”

“நான் எப்ப சொன்னேன்?”

“சொல்லலீங்க.”

பர்வீன் கையை நீட்டினார். “பெட்டியைக் குடுங்க. இன்னைக்குப் பார்த்துடலாம்.”

சார்ஜரில் மாட்டி மேஜையில் வைத்தார். காத்திருந்தார்கள். குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தது.

“அழ மாட்டேங்குதே” என்றார் கன்னியப்பன் வாசலில் நின்று. “நான் வேணா கிள்ளட்டா?”

“உங்க முகத்தைக் காட்டுங்க, போதும்” என்றார் பர்வீன்.

கன்னியப்பன் காட்டினார். குழந்தை உதட்டைப் பிதுக்கி வீறிட்டது.

லைட் பளிச்சென்று எரிந்தது. அணைந்து எரிந்தது. ஒயர் முனையில் மோட்டார் மேஜைமேல் கிடந்து துள்ளியது. தமயந்தி லைட்டைப் பார்த்தாள். மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதிர்வு கையில் ஏற, முதல் தடவையாகச் சிரித்தாள். குழந்தையைத் தட்டிக் கொடுத்தாள். அழுகை நின்றது. லைட் நின்றது.

ஏழு மாதமாக அப்பா செய்கிற சாமான். இப்போதுதான் பார்க்கிறாள்.

“சரியாத்தான் இருக்குது” என்றார் கோதண்டம். கொஞ்சம் ஏமாந்த குரல்.

பர்வீன் சார்ஜரைப் பிடுங்கினார். உள்ளே இருந்த பேட்டரியை எடுத்துவிட்டு, டிராயரிலிருந்து ஒரு பழைய பேட்டரியை மாட்டினார். தீர்ந்துபோகும் நிலையில் இருந்தது.

பஸ்ஸர் கத்தியது.

சின்னக் கடை. காதைக் கிழித்தது. கன்னியப்பன் காதைப் பொத்தினார். படியில் இறங்கிக்கொண்டிருந்த யாரோ நின்று திரும்பிப் பார்த்தார்கள். தோளில் இருந்த குழந்தை வெடுக்கென்று தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தது.

கோதண்டம் நிறுத்தக் கை நீட்டினார். பர்வீன் அந்தக் கைக்குக் குறுக்கே தன் கையை வைத்தார்.

கத்திக்கொண்டே இருந்தது.

தமயந்தி போனைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தாள். குழந்தை ஒரே பக்கம் பார்ப்பதைப் பார்த்தாள். கன்னியப்பனின் கைகள் காதில் இருப்பதைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். லைட் எரியவில்லை. மோட்டார் ஆடவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

என்ன, என்று கையால் கேட்டாள்.

கோதண்டம் பெட்டியைக் காட்டினார். பிறகு வாய்க்குப் பக்கத்தில் கையை விரித்துக் காட்டினார். கூப்பிடுகிறது.

யாரை, என்று கேட்டாள்.

கோதண்டத்தின் கை மேலே எழுந்தது. பாதியில் நின்றது. அங்கேயே நின்றது.

பர்வீன் பேட்டரியைக் கழற்றினார். கடை அமைதியானது.

கன்னியப்பன் காதிலிருந்து கையை எடுத்தார்.

“மூணு போர்டு மாத்தினேன்” என்றார் கோதண்டம். “மூணுலயும் இதை வெச்சேன்.”

“ஆமா.”

“நீங்க பார்த்தீங்க.”

“பார்த்தேன். காட்டச் சொன்னேன்.”

கோதண்டம் ஸ்டூலில் உட்கார்ந்தார். “ஒரு மாசம் குடுங்க. வேற போர்டுல மொதல்லேருந்து பண்ணிடறேன். ஏழாம் மாசத்துக்குள்ள...”

பர்வீன் காதில் வாங்கவில்லை. ஒரு டப்பாவைத் திறந்து சிவப்பு எல்இடி ஒன்றும் ரெசிஸ்டர் ஒன்றும் எடுத்தார். இரண்டையும் ஒன்றாக முறுக்கினார். பெட்டியைத் திறந்து பஸ்ஸரின் இரண்டு காலைக் காட்டினார். கையிலிருந்ததன் இரண்டு காலைக் காட்டினார். தமயந்திக்குத்தான் காட்டினார்.

தமயந்தி தலையாட்டினாள். குழந்தையை அப்பாவின் மடியில் போட்டாள்.

பர்வீன் அயர்னை அவளிடம் நீட்டினார்.

“அக்கா, அவளுக்குத் தெரியாது” என்று கோதண்டம் பதறினார். “கை சுட்டுக்கும்.”

“உங்களுக்கு எத்தனை தடவை சுட்டுச்சு?”

மடியில் குழந்தை. எழுந்திருக்க முடியவில்லை.

தமயந்தி அயர்னை வைத்தாள். ஈயம் உருகியது. பஸ்ஸரை இழுத்தாள். ஒரு கால் வந்தது, இன்னொன்று வரவில்லை. மறுபடி வைத்தாள். விரல் பட்டுவிட்டது. உதறினாள், வாயில் வைத்தாள், மறுபடி வைத்தாள். பஸ்ஸர் கையோடு வந்தது. கோதண்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பச்சைப் போர்டில் செம்பு வளையம் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன.

அந்த இடத்தில் சிவப்பை வைத்துப் பற்றவைத்தாள். ஈயப் பொட்டு கடுகு போல வரவில்லை. கொண்டைக்கடலை போல வந்தது. பர்வீன் அதைத் திருத்தவில்லை.

பழைய பேட்டரியை மாட்டினார்.

சிவப்பு எரிந்தது. சத்தம் இல்லை.

தமயந்தி அதைச் சுட்டிக் காட்டினாள். தன் கண்ணைத் தொட்டாள். தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு பெட்டியை மூடித் தானே திருகினாள். தன் பைக்குள் வைத்தாள். அப்பாவின் பை பக்கத்தில் திறந்தே கிடந்தது. அதில் வைக்கவில்லை.

குழந்தையை வாங்கிக்கொண்டாள். பர்வீனின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

கோதண்டம் எழுந்தார். மேஜையில் பஸ்ஸர் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

“நாளைக்கு மாப்ளை வர்றப்ப வாசல்ல தமயந்தி அம்மா குறுக்க நிப்பா” என்றார்.

“நீங்க?”

“பையைத் தூக்கிட்டுப் போய் ஆட்டோல வைக்கணும்.”

“வைங்க.”

படிக்கட்டு வரை போனார். நின்றார்.

“மொதல் நாள் ஒண்ணு கேட்டேன். இன்னும் பதில் சொல்லலை நீங்க.”

“என்ன கேட்டீங்க?”

“எது நல்ல போர்டுன்னு.”

பர்வீன் அயர்னைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார்.

“நாளைக்கு அவங்க வீட்ல இருக்கப்போறது.”